ஏழு நிபந்தனைகள்

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்களைப் பதியும் அந்த அரசாங்கக் கந்தோர் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஆறு பெண்கள் ஏழரைக்கே வந்து வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்ட் நஸீர் ஹாஜியார் வாசலில் நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கந்தோரில் வேலை செய்யும் பஹீமா உள்ளே வரும்போதே அந்தக் குரலை அடையாளம் கண்டாள். இவ்வளவு நாளும் அவர் ஆட்களைத்தான் அனுப்பியிருந்தார். தானே வந்தது இன்றுதான்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன், ஏறாவூரில், இதே குரல்தான் "ஒரு புள்ளையப் பாக்கிற வேலதான் ராத்தா" என்று அவளுடைய உம்மாவுக்குச் சொன்னது. உம்மா மூன்று வீடுகளில் மாறிமாறி வேலை செய்து, வலது கையின் நாலு விரல்களும் மடங்காமல் திரும்பி வந்தாள். முறைப்பாடு கொடுக்கப் போனபோது, அவள் கைநாட்டு வைத்த அறபுத் தாளில் எல்லாம் இருக்கிறது என்றார்கள். அதை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கவில்லை.

பஹீமா அறபு படித்தது அதற்காகத்தான். அரசாங்கப் புலமைப்பரிசிலில் மூன்று வருஷம் கெய்ரோவில் இருந்தாள். திரும்பி வந்து ஐந்து வருஷம், அரசாங்கம் சொல்லும் இடத்தில் வேலை செய்வதாகக் கையெழுத்து வைத்திருந்தாள். இடையில் விட்டால் பிணை நின்ற மாமா படிப்புச் செலவு முழுவதையும் கட்ட வேண்டும். இங்கே வந்து எட்டு மாதம். பொறுப்பதிகாரி நல்லரத்தினம் அவளுக்கு முத்திரை குத்தும் வேலையை மட்டுமே கொடுத்திருந்தார்.

முதலில் வந்தவள் வெல்லாவெளிக் கேதீஸ்வரி. நஸீர் முத்திரைக்காக இரண்டு தாள்களைப் பஹீமாவின் மேசையில் வைத்தார். தமிழ்த் தாளில் நாலு நிபந்தனைகள் இருந்தன. அறபுத் தாளில் ஏழு.

"வாசிக்கிறன், கேளுங்க அக்கா."

"தேவல்ல மகள். நான் எல்லாம் விளங்கப்படுத்திட்டன்," என்றார் நஸீர்.

"அரசாங்கம் என்னப் படிப்பிச்சது இதுக்குத்தான் ஹாஜியார்."

வாங்கின் கடைசிப் பெண்ணுக்கும் கேட்கும்படி வாசித்தாள். ஐந்தாவது, எஜமானின் உறவினர் வீடுகளிலும் வேலை செய்ய வேண்டும். ஆறாவது, பாஸ்போட் எஜமானிடம் இருக்கும். ஏழாவது, இரண்டு வருஷம் முடியுமுன் திரும்பினால் கடைசி ஆறு மாதச் சம்பளம் கிடையாது. இந்த மூன்றையும் இரண்டு தரம் வாசித்தாள்.

வாங்கில் ஒருத்தி எழுந்தாள். பிறகு இன்னொருத்தி, பிறகு மற்றவர்களும். கேதீஸ்வரியும் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் படியிறங்கினாள்.

"நான் ஒனக்கு என்ன செஞ்ச புள்ள?" என்றார் நஸீர்.

"கைறுன்னிஸாட மகள் நான். உம்மாக்கு இன்னும் சோத்தப் பிசஞ்சு தின்ன ஏலா."

நஸீர் வாசலைப் பார்த்தார்.

"இரிங்க ஹாஜியார். இன்னும் அஞ்சு தாள் கிடக்கு."

ஐந்தையும் அவருக்கே வாசித்தாள். எல்லாம் ஒன்றுதான். ஒரு வரியையும் அவள் விடவில்லை. அவருடைய சேர்ட் முதுகில் ஒட்டும்வரை வாசித்தாள். அன்று வீட்டுக்குப் போய் உம்மாவுக்குச் சோறு ஊட்டும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நாலாம் நாள் நல்லரத்தினம் இடமாற்றக் கடிதத்தை நீட்டினார். வெல்லாவெளிப் பக்கம், கால்நடை வைத்தியக் கந்தோர்.

"அங்க ஆர் சேர் அறபு கதைக்கிற? மாடா?"

"எனக்குத் தெரியா பிள்ள, மேலருந்து வந்தது. அரசாங்கம் சொல்ற இடத்தில வேல செய்றதெண்டுதானே நீங்க கையெழுத்து வெச்சிரிக்கிறீங்க?"

மீதி நாலு வருஷமும் நாலு மாதமும் அங்கேதான்.

அடுத்த மாதம் ஒரு காலை, கன்றுகளின் காதில் அடித்த இலக்கங்களை அவள் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கடையில் ஒரு வேன் நின்றது. யன்னலோரம் கேதீஸ்வரி. பஹீமா பேனையோடு ஓடினாள்.

"அக்கா, ஹாஜியார் தாள மாத்தித் தந்தவரா?"

"இல்ல பிள்ள, அதே தாள்தான். நீங்க வாசிச்ச ஒண்டும் நான் மறக்கல்ல." கேதீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் போகமும் வெள்ளத்தில போயிற்று. வீட்டில மூண்டு பிள்ளையள். என்ன செய்யச் சொல்றீங்க?"

"பாஸ்போட்டயாவது கையில வெச்சிக்கங்க அக்கா."

கேதீஸ்வரி முன்பக்கம் பார்த்தாள். ட்ரைவர் சோடாவைக் குடித்துவிட்டு வந்து ஏறினான். முன்கண்ணாடிக்குக் கீழே ஆறு பாஸ்போட்டுகள், ஒரு றப்பர் பட்டி போட்டுக் கிடந்தன. வேன் வளைவில் திரும்பியபோது அந்தக் கட்டு ஒரு பக்கமாய்ச் சறுக்கியது. அவன் ஒரு கையால் அதை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.