ஆடியில் பொங்கிய பால்

பெரிய வெள்ளம் வந்து போன மறு வருஷம், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றோரம் குடிசை போட்டிருந்த எங்களுக்கு சர்க்கார் வரிசையாக அறைகள் வைத்துச் செங்கல் லயம் கட்டிக் கொடுத்தது. குடும்பத்துக்கு ஓர் அறை. ஒண்டிக்கட்டைகளுக்குக் கிடையாது. பக்கத்துக் குடிசை நல்லம்மாள் அக்கா புருஷனை இழந்தவள், பிள்ளையும் இல்லை. குடிசையைப் பிரித்துவிட்டால் அவள் எங்கே போவாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

சாவி கொடுத்த மாதமோ ஆடி. ஆடியில் யாராவது புது வீட்டுக்குக் குடி போவார்களா? சட்டி பானையோடு எல்லோரும் லயத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். வெள்ளத்துக்கே பயப்படாத என் வீட்டுக்காரர் அய்யாவு ஆடிக்கு அப்படி நடுங்கினார்.

லயத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி செபாஸ்டியன் வந்து கத்தினார். "சாயங்காலத்துக்குள்ள உள்ள போவாட்டி ரூம வேற ஆளுக்குக் குடுத்துருவாரு துரை. அப்புறம் என்கிட்ட வந்து அழுவாதீங்க!"

யாரும் அசையவில்லை. முதலில் காலெடுத்து வைப்பவருக்குத்தான் கெடுதல் என்று பயம். அப்போது நல்லம்மாள் அக்கா தன் மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் போயிப் பால் காய்ச்சுறேன். இனிமே எனக்குக் கெட என்ன இருக்கு?"

மற்ற நாளில் அவள் எதிரே வந்தால், திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் இவர்கள். இன்று ஒதுங்கி வழிவிட்டார்கள். காரியம் ஆக வேண்டுமே!

ஓர் அறையில் பால் பொங்கியதும், சூட்டோடு அடுப்பைச் சாக்கில் பிடித்து அடுத்த அறைக்குத் தூக்கினாள். அவள் வெளியே வர வர, ஒவ்வொரு குடும்பமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கடைசியாக எங்கள் அறை. பால் பொங்கியது. அவள் சாக்கை எடுத்துக் குனிந்தாள்.

"அக்கா, அடுப்ப வைங்க," என்றேன்.

"அவங்க வேலை முடிஞ்சிருச்சில்ல, போவட்டுமே," என்றார் அய்யாவு.

"பால் பொங்குன அடுப்ப அன்னிக்கே வெளிய அனுப்பலாமா? அதுவும் ஆடியில? ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒரு சாத்திரம் உண்டா என்று எனக்கே தெரியாது.

"சரி சரி, ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கலாம்," என்று நல்லம்மாள் அக்காவின் மூட்டையை அவரே உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆவணி வந்து போய்விட்டது. அடுப்பு அதே மூலையில்தான் இருக்கிறது. காலையில் அய்யாவு வேலைக்குக் கிளம்பும்போது அவள்தான் எதிரே வந்து காப்பி கொடுக்கிறாள்.