திரைக்குக் கீழே நீண்ட கை

பெருந்தொற்றின் காரணமாகக் குழந்தைகள் மையம் மூடப்பட்டபின், அங்கே சமைத்துப் பரிமாறிவந்த பெண்மணி சத்துமாவுப் பைகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்லலானாள். பிள்ளைகள் அவளை மாவம்மா என்று அழைத்தனர்.

அவளுக்கு இடப்பட்ட விதிகள் மிகத் தெளிவானவை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டுமே மாவு. கொடுக்கும்போதெல்லாம் குழந்தையின் மேற்கையை நிறப்பட்டையால் சுற்றி அளக்க வேண்டும். பச்சை எனில் நலம், மஞ்சள் எனில் கவனம், சிவப்பு எனில் உடனே மருத்துவமனை. எவ்வீட்டினுள்ளும் நுழைதல் கூடாது. ஆகவே குழந்தைகள் சன்னல் கம்பிகளின் இடையே கையை நீட்டினர். அவள் வெளியே நின்றவாறு அளந்தாள்.

தையற்காரியின் வீடு தெருவின் கடைசியில் இருந்தது. கணவன் தொற்றினால் இறந்தபின், முகக்கவசங்கள் தைத்துக் கொடுத்தே அவள் இரு பிள்ளைகளையும் காத்துவந்தாள். மூத்தவள் இரண்டாம் வகுப்பு மாணவி. பள்ளி மூடப்பட்டதால் அவளது மதிய உணவும் நின்றுபோயிருந்தது. இளையவனுக்கு வயது மூன்று. மையத்தில் சமையல் நடக்கையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்படியை மேற்பார்வையிடுவது அவனது வழக்கமாதலால், மாவம்மா அவனுக்கு மேனேஜர் என்று பெயர் சூட்டியிருந்தாள்.

அவ்வீட்டுச் சன்னலில் முகக்கவசத் துணியாலான நீலத்திரை ஒன்று சில காலமாகத் தொங்கியது. திரைக்குக் கீழே ஒரு கை மட்டும் வெளிவரும்.

"என்ன மேனேஜர் சார், கைய மட்டும் டூட்டிக்கு அனுப்பிட்டு மூஞ்சிக்கு லீவு குடுத்துட்டீங்களா?"

"தெருக்காத்து பட்டா இருமுறான்க்கா. அதான் திரை போட்டேன்" என்று உள்ளிருந்து தாய் விடையளிப்பாள்.

"வாயாடி இப்ப வாயே திறக்கலயே?"

"ஆளுங்களப் பாத்து ரொம்ப நாளாச்சுல்ல, வெக்கம்."

பட்டை பச்சை காட்டும். மாவம்மா மனம் மகிழ்ந்து பையைக் கொடுப்பாள். அந்தக் கை அவளது விரலைப் பற்றிக்கொண்டு எளிதில் விடாது. "அடேய், எனக்கு இன்னும் நாலு வீடு இருக்குடா" என்று செல்லமாக விடுவித்துக்கொள்வாள்.

பின்னொரு நாள் காலை, கை வழக்கத்தைவிட இறுக்கமாகப் பற்றியது. மாவம்மா குனிந்து நோக்கினாள். நடுவிரலின் ஓரத்தில், பென்சில் அழுத்தி அழுத்தி உண்டாகும் சிறு தடிப்பு காணப்பட்டது. மேனேஜர் இதுவரை பென்சில் பிடித்ததே இல்லை.

"பாப்பா," என்றாள் அவள் மெதுவாக, "தம்பி எங்கடா?"

திரையின் பின்னே விசும்பல் எழுந்தது. "தூங்குறான். எழுப்பினா கண்ணத் தொறக்க மாட்டேங்கிறான்."

விதியை மறந்து மாவம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே சென்றாள். தையல் இயந்திரத்தின் அருகே, வெட்டிப்போட்ட துணிக்குவியலின்மேல் அவன் கிடந்தான். வயிற்றுப்போக்கின் வாடை அறையை நிறைத்திருந்தது. அவன் கையில் சுற்றிய பட்டை சிவப்பின் கடைக்கோடி வரை சென்றது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க நீ?"

தையற்காரி மகனுக்கும் அவளுக்கும் இடையே வந்து நின்றாள். "செவப்பு வந்தா கூட்டிட்டுப் போயிடுவீங்க. அவரையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. மூஞ்சியக்கூடக் காட்டலயேக்கா! வீட்லயே வச்சுத் தேத்திரலாம்னு நெனச்சேன்."

"பேசுறதுக்கு நேரமில்ல. புள்ளைய நீயே தூக்கு. யார் கேட்டாலும் கைய விட்டு எறக்காத. நான் கூட வரேன்."

கைவண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு அவள் வாகனத்திற்காக ஓடினாள்.

மறுநாள் தையற்காரி வெறுங்கையோடு வீடு திரும்பினாள். இம்முறை முகத்தைக் காட்டியிருந்தார்கள்.

அடுத்த முறை மாவு வந்தபோது, அவ்வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டோர் எவருமிலர். எனினும் வண்டி அச்சன்னலின்முன் நின்றது. எவரும் அழைக்காமலே, திரைக்குக் கீழே கை வெளிவந்தது.

மாவம்மா அதன்மீது ஒரு பையை வைத்தாள். கை உள்ளே செல்லவில்லை. பையை அவளிடமே தள்ளியது.

"இது தம்பியோடது."

"உனக்குன்னுதான்டா கண்ணு எடுத்துட்டு வந்தேன்."

"வேணாம் மாவம்மா. அப்பவும் நான்தான் பாதி தின்னேன். எனக்கும் பசிக்குதுன்னு அம்மா பிரிச்சுக் குடுத்தாங்க. அதனாலதான எனக்குப் பச்சை வந்துச்சு?"

மாவம்மா முகக்கவசத்தைச் சரிசெய்வதுபோல் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படி இல்லடா. இந்தப் பட்டை சின்னப் புள்ளைங்களுக்குன்னு செஞ்சது. நீ வளந்துட்ட. பட்டினியா கெடந்தாலும் உனக்கு இது பச்சைதான் காட்டும். தம்பிக்கு வயித்தால போச்சு, அது வேற. நீ தின்னதால எதுவும் ஆகல."

திரை சற்றே அசைந்தது.

"அப்ப எனக்குப் பசிச்சா எந்தப் பட்டையில தெரியும்?"

மாவம்மாவிடம் அத்தகைய பட்டை இல்லை. பையைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அவள் தன் விரலை நீட்டினாள். கை அதைப் பற்றிக்கொண்டது. உள்ளே தையல் இயந்திரம் சிறிது ஓடி நின்றது, மீண்டும் ஓடியது. இன்னும் நான்கு வீடுகள் இருந்தன. மாவம்மா விரலை விடுவித்துக்கொள்ளவில்லை.