கால் படாத இடம்

நூச்சேமாயாவை நேற்று சாயங்காலம் பாக்மதி ஆற்றங்கரையில் எரித்தாயிற்று. அவள் கடைசியாக உடுத்தியிருந்த சேலையும் சால்வையும் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. மூட்டையாகக் கட்டி, காற்றில் பறக்காமல் மேலே ஒரு செங்கல்லை வைத்து, முச்சந்திச் சாக்கடை ஓரமாகப் போட்டிருந்தது. வெளியே எடுத்த துணி வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

விடிந்ததும் பேகாமான் கடப்பாரையோடு வந்து நின்றார். வெள்ளை உடுப்பு, வெறுங்கால். மனைவி செத்த தீட்டுக்காரனை யாரும் தொடக் கூடாது. தீட்டுக்காரன் இப்படித் தெருவில் வந்து நிற்கவும் கூடாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

செத்தவர் துணியை ச்வாசாவில்தான் போட வேண்டும். ச்வாசா என்பது அந்த முச்சந்தியில் தரையோடு தரையாகக் கிடந்த ஒரு கல். அஜிமா என்கிற பாட்டி சாமி குடியிருக்கிற கல். பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடியும் அவளுக்குத்தான், போனவர் துணியும் அவளுக்குத்தான். போட்டால் போனவர் போவார். இல்லாவிட்டால் வீட்டையே சுற்றிக்கொண்டு கிடப்பார். ஒரு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கிடந்தது போதாதா?

அந்த ஒரு மாதத்தில்தான் தெருக் கமிட்டி முச்சந்திக்குப் புதுச் செங்கல் பாவியிருந்தது. பாட்டன் என்கிற இந்தப் பழைய நகரத்தைக் காப்பாற்றுகிறார்களாம். புத்தர் சைத்தியத்தைக் கழுவினார்கள். பிள்ளையார் கோயில் கதவுக்கு எண்ணெய் பூசினார்கள். கந்தல் கிடந்த இடம் கண்ணுக்கு அசிங்கமாக இருந்ததோ என்னவோ, அதை மட்டும் மூடிவிட்டார்கள்.

கமிட்டிக்காரன் திலேந்திரா கையில் டீ கிளாஸோடு வந்தான். இதே தெருவில் பிறந்தவன்.

"என்ன பாஜ்யா, காலங்காத்தால கடப்பாரை?" தாத்தாவைக் கூப்பிடுவதுபோலத் தெருவே அவரைப் பாஜ்யா என்றுதான் கூப்பிடும்.

"கல்லு எங்கடா?"

"எந்தக் கல்லு?"

"உங்கப்பன் துணியப் போட்ட கல்லு."

திலேந்திரா டீயை ஒரு வாய் குடித்தான். "அதை யாரும் பேத்தெடுக்கல பாஜ்யா. மேல மணல் போட்டு மூடியிருக்கு. அடியில பத்திரமா இருக்கு."

"எந்த அடியில?"

அவன் முச்சந்தியை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பார்த்தான். பாவிய மேஸ்திரி வெளியூர்க்காரன், வேலை முடிந்து போய்விட்டான்.

"நீங்க இடத்தைக் காட்டுங்க, நாலு செங்கல்லு எடுத்துக்கலாம். கண்ட இடத்துல குத்த விடமாட்டேன்."

"பொறந்ததுலருந்து இந்த வழியா நடக்கறவன்டா நான். எனக்கா தெரியாது?"

பேகாமான் நேரே போய் தாகுமாயாவின் அவல் கடைக்கு முன்னால் கடப்பாரையை இறக்கினார். செங்கல் பெயர்ந்தது. மணல். மணலுக்குக் கீழே மண். மண்ணுக்குக் கீழேயும் மண்தான்.

கடைக்குள்ளிருந்து தாகுமாயா எட்டிப் பார்த்தாள். "என் கடை வாசல்லயா அஜிமா இருந்தா? அப்படி இருந்தா எவன் என்கிட்ட அவல் வாங்குவான்? வெளக்குக் கம்பத்துப் பக்கம் பாருங்க."

"கம்பத்தையே போன வருஷம் தள்ளி நட்டாச்சு, உனக்கு அதுவும் தெரியாது" என்றான் திலேந்திரா. "பாஜ்யா, போதும். வீட்டுக்குப் போங்க."

பேகாமான் தோண்டிய குழியையே பார்த்தார். அந்தக் கல்லை ஒரு நாளும் அவர் நேராகப் பார்த்ததில்லை. யார்தான் பார்த்தார்கள்? அந்த இடம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் வழக்கம். பார்க்கவே கூடாத சாமியின் விலாசத்தை எவனிடம் கேட்பது?

எதிரே அவர் வீட்டு மாடி ஜன்னல் திறந்தது. கொள்ளி வைத்த மகன் சானுகாஜி, வெளியே வர முடியாமல் அங்கேயிருந்து கத்தினான். "அப்பா! மூட்டையை ஆத்துல விட்டுடலாம்ப்பா. அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

"அவ கோவிச்சுக்க மாட்டா. நான் கோவிச்சுக்குவேன். ஜன்னலைச் சாத்து."

கடப்பாரையை மடியில் போட்டுக்கொண்டு மூட்டைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். கல் கிடைக்காமல் எழுந்திருப்பதில்லை. ஆளைத் தூக்கி அப்பால் விடலாம் என்றால் எவன் தொடுவான்? திலேந்திரா இரண்டடி தள்ளியே நின்று முணுமுணுத்தான்.

பூஜைத் தட்டோடு பெண்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் ஐயோ பாவம் என்று எழுதியிருந்தது. அது பிடிக்காமல் பேகாமான் தலையைக் குனிந்துகொண்டார். கால்கள்தான் தெரிந்தன.

ஒரு ஜோடிக் கால் நேராக வந்து, நடுவில் கொஞ்சம் வளைந்து, மறுபடி நேராகப் போனது. அடுத்ததும் அப்படித்தான். வழவழவென்று ஒரே மட்டமாகக் கிடக்கிற புதுத் தரையில் வளைய என்ன இருக்கிறது? தோளில் காவடிபோலக் கூடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கீரைக்காரன் வந்தான். அவனும் அதே இடத்தில் கூடையை ஒதுக்கி விலகினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் மிதித்துக்கொண்டு ஓடின. மோட்டார் சைக்கிளுக்கும் விவரம் போதாது.

பேகாமான் உற்றுப் பார்த்தார். கிளாஸைத் திருப்பிக் கொடுக்க திலேந்திரா டீக்கடைப் பக்கம் நடந்தான். அவனும் வளைந்தான்.

"நில்லுடா அங்கயே!"

அவன் திடுக்கிட்டு நின்றான்.

"ஏன்டா வளைஞ்ச?"

"எங்க வளைஞ்சேன்?"

"வளையலயா? சரி, உன் இடது பக்கத்துச் செங்கல்லு மேல ஏறி நில்லு. நீ பாவினதுதானே?"

திலேந்திரா சிரித்தபடி காலைத் தூக்கினான். தூக்கிய கால் இறங்கவில்லை. கீரைக்காரன் நின்று பார்த்தான். தட்டோடு வந்த பெண்களும் நின்றார்கள்.

"கால்ல சுளுக்கா தம்பி?" என்றாள் தாகுமாயா.

அவன் காலைப் பின்னால் வைத்தான். "நாலு செங்கல்லுன்னு சொன்னேன். எடுத்துக்குங்க" என்றான் மெதுவாக.

பேகாமான் கடப்பாரையைச் செருகி நெம்பினார். நாலாவது செங்கல் வந்ததும் மணலைக் கையாலேயே வாரி வெளியே தள்ளினார். விரலில் குளிர்ச்சியாக, கரடுமுரடாக ஒன்று தட்டுப்பட்டது. சுற்றி நின்றவர்கள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் திருப்பவில்லை. உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த கல். அவ்வளவுதான்.

மூட்டையை எடுத்து வந்து அவிழ்த்தார். முதலில் சேலை. அதன்மேல் சால்வை. மடிப்புக் கலையாமல் வைத்தார்.

"ஒரு ராத்திரி காக்க வெச்சுட்டாங்க. இப்பப் போ" என்றார்.

எழுந்து, பெயர்த்த செங்கற்களைக் காலால் திலேந்திரா பக்கம் தள்ளினார்.

"இதுகளை உன் வீட்டுக்குக் கொண்டுபோ. திரும்ப இங்க வெச்சா நான் திரும்ப வருவேன்."

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, குளிக்க ஆற்றுப் பக்கம் நடந்தார்.