முன்பக்கத்து மான்கள்

அந்த மலையைப் பெரும் பணக்காரர் ஒருவர் மொத்தமாக வாங்கினார். ஒரு மரத்தை வெட்ட மாட்டேன், ஒரு கல்லைப் பெயர்க்க மாட்டேன் என்று மேடையில் சொன்னார். அன்றிலிருந்து அவர் ஊருக்கே 'பச்சை ஐயா'. வேன் ஓட்டும் அக்காவுக்கு மட்டும் அது நெஞ்சில் இறங்கவில்லை.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்," என்றாள் தம்பியிடம்.

தம்பி அந்தக் காட்டுக்குக் காவலாளி. ஐயாவைக் குறை சொன்னால் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"நல்லவங்களைக் கண்டாலே உனக்கு ஆகாதுக்கா. மாமாவையே சந்தேகப்பட்டுத்தானே கட்டிக்கிட்ட?"

"இப்பவும் சந்தேகம்தான்."

ஐயாவின் விருந்தாளிகளை மலையின் முன்பக்கச் சரிவில் இருக்கும் பங்களாவுக்கு ஏற்றிப்போவது அவள் வேலை. கொஞ்ச நாளாகப் பட்டப்பகலிலேயே பங்களா வேலியோரம் மான்கள் கூட்டமாக நின்றன. விருந்தாளிகள் மாற்றி மாற்றிப் படம் எடுத்தார்கள். "நம்மை நம்பி வருதுங்க," என்று ஐயா நெகிழ்ந்துபோனார். ஒரு மான்கூட இவர்களைப் பார்க்கவில்லை என்பதை அக்கா கவனித்தாள். காதை விடைத்துக்கொண்டு எல்லாம் மலையுச்சிப் பக்கமே பார்த்து நின்றன.

அன்று சாப்பிடும்போது தம்பியிடம் கேட்டாள். "வீட்டை விட்டுட்டு யாராவது ஆசையா ஓடி வருவாங்களாடா? மலைக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"பின்பக்கம் எனக்கு டூட்டி இல்ல."

"ஏன் இல்ல?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

மறுநாள் காலி வேனை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றிப் போனாள். தார்ச்சாலை முடிந்து புது மண்சாலை. எதிரே கல் ஏற்றிய லாரிகள். முன் கண்ணாடியில் வெள்ளைப் புழுதி படிந்தது. ஒரு வளைவில் சிவப்புக் கொடியோடு ஒருவன் கையை நீட்டி மறித்தான்.

"வெடி வெக்கப் போறாங்க. வண்டியைப் பின்னால எடும்மா."

அவனுக்குப் பின்னால் மலையின் முதுகில் பாதிக்கு மேல் காணவில்லை.

"யார் இடம்ப்பா இது?"

"மலை மொத்தமும் ஒருத்தரோடதுதானே? பச்சை ஐயாவோடது."

வெடித்தபோது ஸ்டியரிங் அவள் கைக்குள் அதிர்ந்தது.

தம்பியிடம் சொன்னாள். "அதெல்லாம் இருக்காது," என்றான் முதலில். பிறகு குரல் இறங்கி, "என் பிழைப்புல மண்ணைப் போட்டுடாதக்கா," என்றான்.

அந்த வாரமே மான்களைப் படமெடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பாதை பிரியும் இடத்தில் அக்கா வண்டியை நிறுத்தினாள். தம்பியின் முகம் கண்ணில் வந்து நின்றது.

"என்னம்மா, வழி தெரியலையா?" என்றார் பின்னால் இருந்தவர்.

"தெரியும் சார்," என்று பின்பக்கச் சாலையில் திருப்பினாள்.

படங்கள் வெளியானதும் ஊர் கொதித்தது. பின்பக்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டதாகப் பச்சை ஐயா கண்கலங்கினார். குவாரி நின்றது. அங்கே புது மரம் நடப்போகிறேன் என்றார். அதற்கும் கை தட்டினார்கள். அக்காவின் வேனை அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. தம்பியை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் அவன் அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை. பள்ளிக்கூடச் சவாரி பிடித்து அவள் பிழைப்பை ஓட்டினாள்.

மழை தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் வந்தான். உட்காரக்கூட இல்லை.

"குவாரி மெஷினை மலையை விட்டு எடுத்துட்டுப் போகலைக்கா. காட்டுக்குள்ள ஒரு இடத்துல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காங்க. டீசல் மட்டும் வந்துட்டே இருக்கு."

அக்கா தட்டை எடுத்து அவன் முன் வைத்தாள்.

"முதல்ல சாப்பிடு. அப்புறம் எந்த இடம்னு சொல்லு."