சிவப்புக் கட்டி

என் மாப்பிள்ளை மொக்லேஸைத் திட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. வீட்டோடு வந்த மாப்பிள்ளை, அவனை விட்டால் வேறு யாரைத் திட்டுவது?

"வலை விரிக்கத் தெரியாது, சணல் உரிக்கத் தெரியாது. பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்கார மட்டும் நல்லாத் தெரியும்" என்பேன்.

"அது ஒண்ணாச்சும் தெரியுதேம்மா" என்று சிரிப்பான்.

எங்கள் வாசல் அடிகுழாய்க்கு அதிகாரிகள் வந்து சிவப்புச் சாயம் அடித்து வெகு காலமாகிறது. சிவப்பு என்றால் ஆர்சனிக், அதாவது விஷம். பச்சை என்றால் குடிக்கலாம். கோராய் ஆற்றின் இந்தப் பக்கம் பச்சைக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அந்த விஷத்தைக் குடித்தே வளர்ந்தவள் என் மகள் கொஹினூர். இரண்டு முறை அவள் வயிற்றில் தங்கியது கலைந்துபோனது. மூன்றாவதாகத் தங்கியபோது, தொண்டு நிறுவனத்து அஃப்ரோஜா ஒரு வடிகட்டி கொண்டுவந்து வைத்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாளிகள், கீழே ஒரு பானை. மேல் வாளியில் மணலும் இரும்புத் துகளும், அடுத்ததில் மணலும் கரியும்.

"பிரசவம் ஆகறவரைக்கும் இவ இந்தத் தண்ணிதான் குடிக்கணும், சாச்சி. வேற ஒரு வாய்கூடக் கூடாது" என்றாள்.

மொக்லேஸ் அதற்குக் காவல்காரனாகிவிட்டான். வெற்றிலை போட்ட வாயைக் கொப்பளிக்க நான் ஒரு குவளை எடுத்தால், "அம்மா, அது பிள்ளையோட தண்ணி" என்பான். எரிச்சலாக வரும். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும்.

மழைக்காலத்தில் நான் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, பானையில் தண்ணீர் கடகடவென்று வடிந்துகொண்டிருந்தது. போகும்போது சொட்டுச் சொட்டாக விழுந்தது நினைவிருக்கிறது.

"இவளுக்குத் தாகம் தாங்கலம்மா. அதான் பிரிச்சுப் பாத்தேன்" என்றான் மொக்லேஸ். "உள்ள இரும்பெல்லாம் துருவேறி ஒரே கட்டி. புத்து மாதிரி ஓட்டை ஓட்டையா, குழாய்ல அடிச்ச அதே சிவப்பு. விஷம் பூரா அதுல ஊறிக் கெடக்கு. இவ்வளவு நாளா அதுல வடிச்சதையா இவ குடிச்சான்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. மூங்கில் தோப்புல கொண்டுபோய்க் கொட்டிட்டு, ஆத்து மணலக் கழுவிப் போட்டிருக்கேன்."

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவனைப் பாராட்டினேன். மகளைக் கூப்பிட்டு, "ஒம் புருசனுக்கும் புத்தி வேல செய்யுதுடி" என்றேன். அவன் அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே திரிந்தான்.

எட்டாம் மாதத்தில் குழந்தை அசைவதை நிறுத்தியது. பெண் குழந்தை. அழாமலே வந்தாள்.

எங்கள் வீட்டுச் சாவெல்லாம் மூங்கில் தோப்பில்தான் அடக்கம். மொக்லேஸே குழி வெட்டினான். மண்வெட்டியில் அந்தச் சிவப்புக் கட்டி தட்டுப்பட்டது.

"எம்பொண்ணு பக்கத்துல விஷம் கெடக்கக் கூடாது" என்று அதை எடுத்து, பலம் கொண்ட மட்டும் வாய்க்காலில் வீசினான்.

நாற்பதாம் நாள் கழிந்து அஃப்ரோஜா வடிகட்டியைப் பார்க்க வந்தாள். மேல் வாளியில் கைவிட்டுத் துழாவினாள்.

"இதுல இருந்த இரும்புக் கட்டி எங்க சாச்சி?"

மொக்லேஸ் சொன்னான். சொல்லும்போதே அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அது விஷத்தோட நெறம் இல்லண்ணே, துரு. அந்தத் துருவும் ஓட்டையுந்தான் விஷத்த இழுத்து ஒட்ட வெச்சுக்கும். ஒட்டினது லேசுல தண்ணிக்குத் திரும்பாது. அது இல்லேன்னா இது வெறும் மணல்" என்றாள். பிறகு அவசரமாக, "குழந்தைக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றாள்.

அதை அவன் காதில் வாங்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

அந்திக்குத்தான் திரும்பினான். இடுப்புவரை சேறு. வாய்க்காலில் துழாவி எடுத்த அந்தக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்தான். உள்ளே கொஹினூர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"திட்டுங்கம்மா" என்றான்.

வாயைத் திறந்தேன். முந்தானையால் அவன் கையிலிருந்த சேற்றைத் துடைத்தேன்.

"கொஞ்சம் திட்டுங்கம்மா" என்று மறுபடியும் கேட்டான்.