வால்வு திறக்கிறவர்

பழங்காநத்தத்தில் விடிந்தும் விடியாத நேரத்தில் காளை ரோட்டோரக் குழியின் மூடியைப் புரட்டிவிட்டு, நீண்ட இரும்புச் சாவியை உள்ளே இறக்கி வால்வைத் திருகினார். அந்த ஏரியாவுக்குக் குடிதண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. மீசை அரும்பிய வயதில் காண்டிராக்டில் சேர்ந்தவர். மீசை நரைத்தும் காண்டிராக்ட்தான்.

அப்போதெல்லாம் திருகிய கையோடு பூமிக்கடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடும். "அடைங்கண்ணே, வாசலெல்லாம் சேறாகுது" என்று பெண்கள் சத்தம்போடுவார்கள். மரியம்மாள் டீச்சர் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே காப்பி டம்ளரை நீட்டுவார். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் சாவு என்று பார்த்துக் காளை கூடக்குறையத் திறந்துவிடுவார். டீச்சர் வீடு இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட் நிற்கிறது. தெருவுக்குத் தெரு அப்படித்தான். குழாய் மட்டும் பழைய குழாய்.

"அண்ணே!" கடைசிச் சந்திலிருந்து பாண்டிச்செல்வி ஓடிவந்தாள். "எங்க பக்கம் நேத்தும் வரல, இன்னிக்கும் வரல. மக பிள்ளை பெத்து வந்திருக்கா. பச்சப்புள்ளையக் குளிப்பாட்டக்கூடத் தண்ணியில்லண்ணே."

மாடிவீட்டு மோட்டார்கள் உறிஞ்சியது போக அந்தச் சந்துக்கு வெறும் காற்றுதான் போகும். காளை சற்று நின்றார். பிறகு மாடிவீடுகள் பக்கம் போகும் வால்வை அடைத்துவிட்டு, சந்துக்குப் போவதை முழுக்கத் திறந்தார்.

"போ தாயி, குடத்த வை."

கொஞ்ச நேரத்தில் சந்துக்குள் குடங்கள் இடிபடும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. காளை குழியோரத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அபார்ட்மெண்ட் செயலாளர் சத்தியசீலன் வந்தார். "என்ன காளை, எங்க தொட்டி காலியாக் கிடக்கு. போர்ல தண்ணி வத்திப்போச்சு. நாங்க வேலைக்குப் போக வேணாமா?"

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க சார். இருக்கிற தண்ணி அம்புட்டுதான். ஆளுதான் கூடிப்போச்சு."

"அதுக்கு நான் என்னப்பா பண்றது?" குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் இருந்தது. ஆனாலும் போனை எடுத்துப் புகார் சொன்னார்.

மத்தியானம் சூப்பர்வைசர் அழகுபாண்டி பைக்கில் வந்து இறங்கினான். "சாவியக் குடுண்ணே. நாளைக்கு வேற ஆளு வாரான். மேல இருந்து ஒரே சத்தம், நான் என்ன செய்ய?"

காளை துண்டால் சேற்றைத் துடைத்துச் சாவியைக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் குடத்தோடு போனார். டியூப் மடங்கிக்கிடந்ததால் தண்ணீர் சரியாக விழவில்லை. பழக்கத்தில் முன்னால் போய்க் குனிந்து அதை நிமிர்த்தினார்.

"ஏங்க, ஏரியாவுக்குப் புதுசா?" குடத்தோடு நின்ற ஓர் இளம்பெண் கேட்டாள். "எல்லாரும் வரிசையிலதான நிக்கிறோம்? பின்னால போங்க."

காளை நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வரிசை முக்குக்கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குள் வளைந்திருந்தது. கடைசியில் போய் நின்றபோது லாரி கண்ணில் படவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது.