மூன்று விரல் வலப்பக்கம்

ஹார்லன் சித்தப்பா ஆர்லோவின் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் குளிர்பெட்டிக் கதவில் மோதியபோது, மார்லா அடுப்பிலிருந்து உருளைக்கிழங்குத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தாள். சாவுக்கென்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்ததில் அது நான்காவது. கதவிலிருந்த காந்தப் பொம்மைகள் தரையில் சிதறின. ஆர்லோவின் மூக்கிலிருந்து ரத்தம் இறங்கி, துக்கத்துக்காகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் பட்டது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். முகத்தைத் திறந்து காட்ட முடியாது என்று பிணத்தைத் தயார் செய்தவர் அம்மாவிடம் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். வந்தவர்கள் சாப்பிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து எதையோ முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போகட்டும் என்றுதான் சித்தப்பா காத்திருந்திருக்கிறார்.

"கரடிய அஞ்சு குண்டுல கொன்னியாமே, பெரிய வீரன். அசையாம நின்ன எல்க் மான ஒரு குண்டுல நெஞ்சுல சுடத் தெரியல உனக்கு."

"நெஞ்சுலதான் வெச்சேன் சித்தப்பா."

"அப்ப வயித்துக்கு எப்படிப் போச்சு? நடந்தா போச்சு?"

இரண்டாவது அடி வாயில் விழுந்தது. ஆர்லோவுக்கு இருபத்தாறு வயது. சித்தப்பாவைவிட ஒரு சாண் உயரம். திருப்பி அடித்திருந்தால் அந்த அறுபது வயது மனிதர் எழுந்திருக்க நேரமாகும். அவன் அடியை வாங்கிக்கொண்டு நின்றான்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் புதுத் துப்பாக்கியோடு குதிரையில் இரண்டு நாள் மேலே ஏறியிருக்கிறார்கள். எதிர்ச் சரிவில், ஐந்நூற்று நாற்பது கஜத்தில், ஒரு பெரிய ஆண் எல்க் மான். முதல் குண்டு நீ போடு என்று அப்பா துப்பாக்கியை ஆர்லோவிடம் கொடுத்திருக்கிறார். குண்டு வயிற்றில் பட்டது. வயிற்றில் அடிபட்ட எல்க்கை உடனே துரத்தினால் மைல் கணக்கில் ஓடும், ராத்திரி படுக்க விட வேண்டும். விட்டார்கள். விடிந்து தேடிப் போனபோது செத்த எல்க்கின் மேல் கரடி மண்ணைத் தள்ளி மூடிவைத்துக்கொண்டு பக்கத்துப் புதரில் படுத்திருந்தது. அது வந்த சத்தமே கேட்கவில்லை என்று ஆர்லோ போலீஸிடம் சொன்னான். முதலில் அப்பாவின் முகத்தைத்தான் பிடித்தது. ஐந்தாவது குண்டில் அது செத்து அவர் மேலேயே விழுந்தது. அதை அவர் மேலிருந்து புரட்ட அவனுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அதில் முதல் பத்து நிமிஷம் அப்பாவுக்கு மூச்சு இருந்தது. இதை அவன் போலீஸிடம் சொல்லவில்லை, மார்லாவிடம் மட்டும் சொன்னான்.

"ஸ்கோப் நகர்ந்திருக்கும்" என்றான் ஆர்லோ, ரத்தத்தை விழுங்கிக்கொண்டு. துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் குழாயைத்தான் சொன்னான், ஆனால் அதை அவனே நம்பியதாகத் தெரியவில்லை.

"மாட்டினது யாரு? இதோ நிக்கிறாளே, உங்கக்கா. பதினோரு வருஷமா துப்பாக்கிக் கடையில அதே வேலையத்தான் பண்றா. இந்த வட்டாரத்துல பாதித் துப்பாக்கி அவ கை பட்டது. ஒருத்தனாவது ஸ்கோப் ஆடுதுன்னு திரும்பி வந்திருக்கானா? உன் பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு அவ மேல பழி போடுறியா?"

மார்லா சூடான தட்டைத் துணியில்லாத கையால் பிடித்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

அம்மா மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பத்து வார்த்தைகூடப் பேசாதவள், "வெளிய போய் அடிச்சுக்கோங்க. தரைய இப்பத்தான் தொடச்சேன்" என்றாள்.

"வெளியவே போவோம்" என்றார் சித்தப்பா. "துப்பாக்கிய எடு. சுட்டே பாத்துடுவோம். ஆடுற ஸ்கோப்னா காகிதம் சொல்லிடும். இல்லேன்னா இவன் கைதான் ஆடிச்சு. எனக்குத் தெரிஞ்சாகணும். எங்கண்ணன் எதுக்காகச் செத்தான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. அவரை வெறுக்கவும் மார்லாவால் முடியவில்லை.

"நான் எடுத்துட்டு வரேன்" என்றாள்.

முந்தின நாள் போலீஸ் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி அப்பாவின் கொட்டகையில், அவர் வேலை செய்யும் பலகை மேல் இருந்தது. உறையைக் கழற்றினாள். துப்பாக்கியின் மரக்கட்டையில் காய்ந்திருந்த கறையை யாரோ அரைகுறையாகத் துடைத்திருந்தார்கள். ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்கள் இரண்டு, அவை உட்கார்ந்திருக்கும் அடித்தட்டுகள் இரண்டு. பின் தட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கல்லாக இருந்தது. முன் தட்டை அழுத்தினாள். அசைந்தது. தலைமுடி அளவுதான், ஆனாலும் அசைந்தது.

செப்டம்பரில் அப்பா கடைக்கு வந்த மத்தியானம் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. ஒரே நீளத் தட்டாகப் போட்டால் உறுதியாக இருக்கும் என்று அவள் சொன்னாள். "மலையேறப் போறது நீயா நானா? எடையக் குறைடி" என்றார் அவர். இரும்பு வளையங்களைக் காட்டினாள். கையில் தூக்கிப் பார்த்து, "இதுக்குப் பதிலா உங்கம்மாவையே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார். கடைசியில் இரண்டு சின்னத் தட்டுகள், லேசான அலுமினிய வளையங்கள், அதிலும் தாழ்வானவை, குனிந்து பார்க்கும்போது கன்னம் கட்டையிலேயே படியும் என்பதால். அவள்தான் தேர்ந்தெடுத்தாள். தேர்வில் தப்பில்லை, நன்றாகப் பூட்டினால் அது எந்த மலைக்கும் தாங்கும். முன் தட்டுக்குக் குட்டைத் திருகாணி இரண்டு, பின் தட்டுக்கு நீளமானது இரண்டு. அப்பா இடைவிடாமல் பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு குட்டைத் திருகாணி கீழே விழுந்து உருண்டது. தேடாமல் தட்டத்திலிருந்து இன்னொன்றை எடுத்தாள். முறுக்கினாள். குறித்த அளவுக்கு இறுகியதும் திருப்புளி டக்கென்று சத்தம் போட்டது.

நீளத் திருகாணியை முன் துளையில் போட்டாலும் அந்தச் சத்தம் வரும். அதன் நுனி துளையின் அடியில் போய் முட்டிக்கொள்ளும், கைக்கு இறுகியது போலவே தெரியும், ஆனால் தலை தட்டை அழுத்தியிருக்காது. வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் வாரம் அவள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

சரியாகப் போட்ட மற்றத் திருகாணியின் பிடியில் மட்டுமே இந்தத் தட்டு கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்த்தபோது நின்றது, இரண்டு நாள் குதிரை குலுக்கலில் விட்டுவிட்டது.

பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைக் கொன்றது தன் கை என்று தெரிந்த அந்த முதல் நிமிஷத்தில் அவள் நினைத்தது அப்பாவைப் பற்றியல்ல. சித்தப்பாவின் விரல் இந்தத் தட்டில் படக்கூடாது என்பதைத்தான் நினைத்தாள். வளையங்களின் மேல்பாதியைக் கழற்றி ஸ்கோப்பைத் தூக்கினாள். நீளத் திருகாணியை எடுத்துவிட்டு, அப்பாவின் டப்பாவில் தேடிக் குட்டையானது ஒன்றைப் போட்டாள். ஸ்கோப்பைத் திரும்ப உட்கார வைத்து முறுக்கினாள். குறி தப்பித்தான் இருக்கும், இருக்கட்டும். எங்கோ இடிபட்டிருக்கிறது என்பார்கள். குதிரை, மரம், பாறை, யாருடைய குற்றமும் இல்லை. இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கழற்றிய திருகாணி கோட்டுப் பைக்குள் போனது.

பின்பக்க மேய்ச்சல் நிலத்தில், வேலிக் கம்பத்தில், நூறு கஜத்தில் ஆர்லோ நடுவில் கறுப்புப் புள்ளியிட்ட இலக்குக் காகிதத்தைக் குத்திவிட்டு வந்தான். முதல் பனி அரை அங்குலம் கிடந்தது. சித்தப்பா தன் வண்டியின் பின்பலகையைத் தாழ்த்தி, தீவன மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்தார். நான்கு குண்டுகளைப் போட்டார். முதல் வெடியில் பசுக்கள் கலைந்து ஓடின. நிதானமாக மூன்று சுட்டார். பிறகு தொலைநோக்கியை எடுத்துக் காகிதத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூணும் ஒரே எடத்துல இருக்கு" என்றார். "ஒரு காசு வெச்சு மூடிடலாம். கறுப்புக்கு மூணு விரல் வலப்பக்கம்."

மூன்று பேரும் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள். நூறு கஜத்தில் மூன்று விரல் என்றால் ஐந்நூற்று நாற்பதில் ஒன்றரைச் சாண். இடப்பக்கம் பார்த்து நிற்கும் எல்க்குக்கு நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு அவ்வளவு தூரம்தான்.

"அப்ப நான் சரியாத்தான் வெச்சேன்" என்றான் ஆர்லோ. நான்கு நாளாகக் கூனியிருந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "சித்தப்பா, நான் சரியாத்தான் வெச்சேன்!"

சித்தப்பா தொலைநோக்கியைக் கீழே வைத்தார். "ஆடுற ஸ்கோப்னா குண்டு சிதறும்டா. இது சிதறல. உங்கக்கா போட்டது அப்படியே இறுக்கமா நிக்குது. அப்படீன்னா எங்கயோ பலமா இடி வாங்கியிருக்கு." மெதுவாக அவனிடம் வந்தார். "எங்க போட்ட?"

"போடல."

"துப்பாக்கி விழுந்தா விழுந்துச்சுன்னு சொல்லணும். ஒரு குண்டு மரத்துல சுட்டுப் பாக்கணும். அஞ்சு வயசுல உங்கப்பன் உனக்குச் சொன்னது. திட்டுவான்னு பயந்து மறைச்சிருக்க. மறைச்சுட்டு அதாலயே சுட்டிருக்க!"

"போடல சித்தப்பா, சத்தியமா..."

பின்பலகையில் கிடந்த வேலி முறுக்கும் இரும்புக் கம்பியால் அவர் அவன் தொடையில் அடித்தார். ஆர்லோ பனியில் விழுந்தான். அவன் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு வெறும் கையால் முகத்தில் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் எங்க போட்ட, எங்க போட்ட என்று கேட்டார். ஏதோ உடையும் சத்தம் கேட்டது. அது பல்லா சித்தப்பாவின் விரலா தெரியவில்லை. சித்தப்பா அழுதுகொண்டேதான் அடித்தார்.

மார்லா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. நிறுத்திவிடுவார், இதோ நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள்.

"ஓடையில..." என்றான் ஆர்லோ. உதடு கிழிந்து வார்த்தை குழறியது. "ஓடை தாண்டறப்ப குதிர மரத்துல உரசிச்சு. அப்ப இருக்கும். நான் பாக்கல. பாத்திருக்கணும். நான்தான் சித்தப்பா. நான்தான்."

அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மார்லாவுக்குத் தெரியும். அவன் அதை நம்பத் தொடங்கிவிட்டான் என்பதும் அவன் முகத்தில் தெரிந்தது. இனி சாகும்வரை அந்த ஓடையை அவன் தாண்டிக்கொண்டே இருப்பான்.

"குதிரை உரசல" என்றாள். பையிலிருந்து திருகாணியை எடுத்துப் பின்பலகையில் வைத்தாள். "இது முன் தட்டுல இருந்துச்சு. நீளமானது. நான் மாத்திப் போட்டுட்டேன். செப்டம்பர்லயே."

சித்தப்பாவின் கை பாதியில் நின்றது. எழுந்து வந்து திருகாணியை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அவருக்கு மேலே சொல்லத் தேவையிருக்கவில்லை.

"துப்பாக்கியில இருந்தது இப்ப உன்கிட்ட எப்படி?"

"மாத்திட்டேன்."

"எப்போ?"

"இப்பத்தான். கொட்டகையில."

ஆர்லோ கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். பனியில் துப்பினான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. மற்ற கண்ணால் அவளைப் பார்த்தான்.

"மாத்திப் போட்டதச் சொல்லல நான்" என்றான் மெல்ல. "அது யாருக்கும் வரும். நீ கொட்டகைக்குப் போனது எப்போ, அவர் என்னை அடிச்சதுக்கு அப்புறமா?"

"ம்."

"பாத்துட்டுத்தான் போன."

தம்பியின் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

சித்தப்பா கைக்குட்டையைப் பனியில் நனைத்து ஆர்லோவின் வாயில் வைத்தார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்லோ பின்பலகையைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியின் பக்கத்தில் நின்றான். அதில் இன்னும் ஒரு குண்டு இருந்தது.

காகிதம் வேலிக் கம்பத்தில் படபடத்தது. விட்டால் பசுக்கள் தின்றுவிடும். செய்ய வேறொன்றும் இல்லாததால் மார்லா அதை எடுக்கப் புறப்பட்டாள். யாராவது இலக்கின் பக்கம் போனால், துப்பாக்கியருகே நிற்பவர் குண்டறையை மூடும் போல்ட்டைத் திறந்து, "திறந்தாச்சு, போ" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்த பிறகுதான் முதல் அடி எடுத்துவைப்பார்கள். அந்த வீட்டில் கோபத்திலும் இது தவறியதில்லை. வண்டியைத் தாண்டி இரண்டடி வைத்ததும் அவள் நின்றாள்.

பின்னால் போல்ட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. மிச்சமிருந்த குண்டு பின்பலகையில் விழுந்து உருண்டது.

குரலுக்காகக் காத்திருந்தாள். கோட்டின் மேல் புதுப்பனி விழத் தொடங்கியது. வண்டிக் கதவு சாத்தப்பட்டது. ஆர்லோ ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் வீட்டை நோக்கிப் போனது.

அந்தக் குரல் வராமலே அவள் நூறு கஜத்தையும் நடந்தாள்.